கரி பூசிய மான்

காரி எருமை பள்ளத்துச் சேற்றை மூக்கால் அள்ளி அள்ளித் தன் கன்றின் முதுகில் அப்பிக்கொண்டிருந்தாள். கன்று பொட்டு நெளிந்து நெளிந்து நழுவினாள்.

"நில்லுடி, காதுக்குப் பின்னால இன்னும் பூசலை."

"எனக்குச் சேறு வேண்டாம்மா. படம் பார்த்ததிலிருந்து எல்லாரும் சிரிக்கிறாங்க."

காட்டில் அப்போது ஒரே படப் பேச்சுதான். வாலன் என்ற குரங்கு எடுத்த படம். கதாநாயகன் சித்திரன் என்ற புள்ளிமான். எருமையாக நடித்தது அவனுடைய தங்கை மான். அவள் உடம்பெல்லாம் கரி பூசி, தலையில் இரண்டு வளைந்த குச்சியைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த எருமைக்குப் பேச்சே கிடையாது. சேற்றில் புரளும், "ங்ஙே" என்னும், அவ்வளவுதான். கடைசியில் சித்திரன் அதைக் கழுவிக் காப்பாற்றுவான். காடே கைதட்டியது.

மறுநாளே குளத்துக் காவல் கொக்கு காரியையும் பொட்டுவையும் வழிமறித்தது. "கழுவிட்டு வா தாயி. சேத்தோட வந்தா இனிமே தண்ணி கிடையாது."

கோடைக் காலம். பொட்டுவுக்கு நாக்கு வறண்டது. காரி யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டாள்.

அன்று உச்சி வெயிலில் வாலன் கேமராவோடு பள்ளத்துக்கே வந்துவிட்டான். கூடவே சித்திரன். தள்ளி நின்று வேடிக்கை பார்க்கப் பாதிக் காடு.

"இரண்டாம் பாகம் எடுக்கிறோம். இந்தத் தடவை நிஜ எருமைக் குட்டியையே கழுவப் போறோம்" என்றான் வாலன்.

பொட்டு அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டாள். காரி கன்றுக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் தடவையாக எதிர்த்துப் பேசினாள்.

"கழுவுங்க தம்பி. ஆனா கழுவின பிறகு ஓடிடக் கூடாது. என் பிள்ளை நிக்கிற வரைக்கும் நீங்களும் இங்கேயே நிக்கணும்."

"அதுக்கென்ன, நின்னாப் போச்சு" என்று சித்திரன் தலையைச் சிலுப்பினான்.

கழுவினார்கள். பொட்டு பளபளவென்று நின்றாள். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அப்போதுதான் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பள்ளத்துக் கடி ஈக்கள் மேகம் போலக் கிளம்பி வந்தன. முதல் கடியிலேயே பொட்டு "அம்மா" என்று கத்திக்கொண்டு சேற்றில் பாய்ந்து புரண்டாள். ஈக்கள் சேற்றின் மேல் உட்கார்ந்து பார்த்தன. கடிக்க முடியவில்லை. அப்படியே திரும்பி, பள்ளத்தருகே நின்ற சித்திரன் மேலும் வாலன் மேலும் பாய்ந்தன.

சித்திரன் துள்ளினான், உதைத்தான், கடைசியில் கொம்போடு சேற்றில் விழுந்தான். வாலன் கேமராவைக் கரையில் போட்டுவிட்டு அவன் மேலேயே குதித்தான்.

"அக்கா, முதுகுல இன்னும் கொஞ்சம் பூசுங்க!" என்று வாலன் காரியிடம் அலறினான்.

பொட்டு சித்திரனை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, வெளியே வாங்க. உங்களைக் கழுவிக் காப்பாத்தறேன்."

காடே வயிறு வலிக்கச் சிரித்தது. கொக்கு மட்டும் காரியின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னது, "மன்னிச்சுக்க தாயி. சேத்தோடயே வா. முதல் தண்ணி உன் பிள்ளைக்குத்தான்."

கரையில் கிடந்த கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது. அந்தப் படம் நூறு நாள் ஓடியது. முதல் வரிசையில் எருமைகள் சேறு காயாமல் உட்கார்ந்திருக்க, பொட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விசில் அடித்தாள்.

அடுத்தவர் வழக்கத்தை ஊருக்குக் காட்டப் போகிறவர், முதலில் அவர் நிற்கும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.