எண்ணெய்க் குடத்தில் ராஜாவின் பெயர்

மஞ்சநல்லூரை ஆண்ட செங்கோடராயரிடம் யானைப்படை இருந்தது, குதிரைப்படை இருந்தது. எதிரி ராஜாக்கள் யாருக்கும் அவர் அஞ்சியதில்லை. அவர் அஞ்சியதெல்லாம் ஒரு சுவருக்குத்தான்.

கடைவீதியில் நீளமாக நின்ற சுண்ணாம்புச் சுவர் அது. யாருக்கு என்ன மனக்குறை இருந்தாலும் அடுப்புக்கரியால் அதில் எழுதிவிட்டுப் போவார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். "அப்படிப் போடு!" என்று தோன்றினால் கீழே ஒரு கரிப்புள்ளி வைப்பார்கள். புள்ளி சேரச் சேரக் கூட்டமும் சேரும். வேலை உள்ளவர்கள்கூட அங்கேதான் கிடந்தார்கள்.

அந்த ஊரில் அரண்மனைச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், ராஜாவின் முகம் பொறித்த குடத்தில், 'செங்கோடராயர் எண்ணெய்' என்ற பெயரில் விற்றது. செக்கைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மந்திரி அனந்தநயினாருக்கு. அவரும் நன்றாகவே கவனித்துக்கொண்டார், தம்மை. விளக்கெரிக்கும் புங்கெண்ணெயை நல்லெண்ணெயில் கலந்தார். லாபம் அவர் வீட்டுக்குப் போனது. கசப்பு ஊருக்குப் போனது.

ஒருநாள் காலையில் அப்பக்கடை வடிவம்மை சுவரில் எழுதினாள்: "செங்கோடராயர் எண்ணெயில் அப்பம் சுட்டேன். தின்றவர்கள் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை."

அதன் கீழே புள்ளி வைக்க இடம் போதவில்லை. பக்கத்தில் யாரோ, "நம் ராஜா ரொம்பக் கசக்கிறார்" என்றும் எழுதிவிட்டுப் போனார்கள்.

ராஜா கொதித்துப்போனார். அனந்தநயினார் உடனே வடிவம்மையைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். சுவருக்கு வெள்ளையடித்தார். கூலிக்கு நாற்பது பேரைப் பிடித்துப் புகழ்ந்து எழுதச் சொன்னார். மறுநாள் சுவர் முழுக்க ஒரே வாசகம்: "செங்கோடராயர் எண்ணெய் அமிர்தம்! என் மாமியாரின் மூட்டுவலி பறந்துபோனது!"

கையெழுத்து நாற்பது. மாமியார் ஒன்று. எழுதியவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒருவன் கீழே எழுதினான்: "பாவம் அந்த அம்மாள், இத்தனை மருமகன்களுக்கு எப்படித்தான் தீபாவளி செய்கிறாளோ!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன்பு எண்ணெயால் பிடித்த வயிறு, இப்போது சிரிப்பால்.

சபை கூடியது. "எழுதிய கையை வெட்டிவிடலாம், பிரபு. ஊர் அடங்கிவிடும்" என்றார் அனந்தநயினார்.

சபையில் கூத்தபிரான் என்றொரு விகடர் இருந்தார். அவர் லேசாகக் கனைத்தார்.

"கையை வெட்டினால் வாய் பேசும், பிரபு. வாயைத் தைத்தால் வயிறு பேசும். அந்த எண்ணெய் போன வயிறு நிறையவே பேசுகிறது."

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியானால் என் பெயரை நீர் காப்பாற்றும்! தேர்த்திருவிழாவன்று நான் சுவரைப் பார்க்க வருவேன். என்னைப் பற்றி ஒரு கெட்ட சொல் இருக்கக் கூடாது. வெள்ளையடிக்கவும் கூடாது, யாரையும் அடிக்கவும் கூடாது. தவறினால் அந்த அப்பக்காரி கையோடு உம் கையும் போகும்!"

"உத்தரவு. தங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு நான் என்ன செய்தாலும் சம்மதமா?"

"சம்மதம்" என்று ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கூத்தபிரான் செக்குப் பக்கமே போகவில்லை. நேரே குயவர் தெருவுக்குப் போனார். மோதிரத்தைக் காட்டி, "இனிமேல் எண்ணெய்க் குடத்தில் ராஜாவின் முகம் வேண்டாம். மந்திரியின் முகத்தைப் போடு. மூக்கு மட்டும் அச்சு அசலாக இருக்கட்டும்" என்றார்.

சந்தைக்கு 'அனந்தநயினார் எண்ணெய்' வந்தது. கூடவே, பழைய அமிர்த வாசகங்களெல்லாம் மறையும்படி சுவரில் புதுக் கரியும் ஏறியது. "நயினார் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறார்." "நேற்று நயினாரைக் குடித்தேன், விடியவிடிய நடந்தேன்."

மந்திரியின் மனைவி கோயிலுக்குப் போனாள். அங்கிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் இருந்த குடத்தைப் பார்த்தார்கள். பிறகு மந்திரியைப் பார்த்தார்கள். "கலப்படத்தில் சம்பந்தம் வேண்டாம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை எழுத அந்தச் சுவர் போதாது. மந்திரி தலைப்பாகைகூடக் கட்டாமல் செக்குக்கு ஓடினார். புங்கெண்ணெய் அத்தனையையும் தாமே கொட்டினார். எள்ளைத் தாமே புடைத்தார். ஒவ்வொரு குடத்திலும் விரல்விட்டுத் தாமே நக்கிப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்பினார்.

தேர்த்திருவிழாவன்று ராஜா வந்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படித்தார். பழைய வசவுகளுக்கு மேலே புதிய எழுத்து: "நயினார் திருந்திவிட்டார். எண்ணெய் மணக்கிறது." கீழே ஏராளமான புள்ளிகள்.

"என்னைப் பற்றிக் கெட்ட சொல்லே இல்லை!" என்று மகிழ்ந்த ராஜா, திடீரென்று நின்றார். "நல்ல சொல்லும் இல்லையே! என் பெயர் எங்கே?"

"இவர் அழித்துவிட்டார், பிரபு!" என்று பாய்ந்தார் அனந்தநயினார். "குடத்திலிருந்து தங்கள் முகத்தையே எடுத்துவிட்டார்!"

"ஆபத்தில் கிடந்ததை வெளியே எடுப்பதற்குப் பெயர்தானே காப்பாற்றுவது?" என்றார் கூத்தபிரான்.

"அது இருக்கட்டும். எண்ணெயை எப்படி ஐயா நல்லதாக்கினீர்?"

"நான் எண்ணெயைத் தொடவே இல்லை, பிரபு. இதுவரை லாபம் அவருக்கும் பெயர் தங்களுக்குமாக இருந்தது. இரண்டையும் ஒரே வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மீதியை அந்த வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார்."

ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். "உம் பெயர் குடத்திலேயே இருக்கட்டும். மந்திரி வேலைதான் இனி இல்லை" என்றார். வடிவம்மையை அங்கேயே விடுவித்து, அரண்மனைக்கு அப்பம் சுடும் உரிமையும் கொடுத்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். சந்தோஷம் அத்தோடு அடங்கவில்லை.

"கூத்தபிரானே, அடுத்த மாதம் அரண்மனை மடைப்பள்ளியில் அல்வாக்கடை திறக்கிறோம். அதற்கு உம் பெயரையே வைக்கப் போகிறேன்!"

கூத்தபிரான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"பெரிய பாக்கியம், பிரபு! ஆனால் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கிண்டப்போவது யார்?"