கம்பெனி என்ற சொல்லின் நாலாவது பொருள்

“என் புத்தகத்தை அவன் கெடுத்துட்டான் சாமி” என்றார் தைரியநாதன்.

“யாரு?”

“பிலவேந்திரன்.”

இஞ்ஞாசி சாமி புதுச்சேரிக் குருமடம் ஒன்றில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் பாதிரியார். வயது நாற்பத்தெட்டு. தைரியநாதனுக்கு எழுபத்தொன்று. லத்தீனில் சந்தேகம் வந்தால் அவர் இங்கேதான் வருவார். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. கூச்சம் வேறு விஷயங்களில்.

தைரியநாதன் ஒரு சீட்டை நீட்டினார். தபால் கார்டு அளவு.

முப்பத்திரண்டு வருஷமாகத் தைரியநாதனும் பிலவேந்திரனும் சேர்ந்து ஓர் அகராதி செய்து வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட சொற்கள். சாவி, மேசை, ஜன்னல், அலமாரி. சொல்லுக்கு ஒரு சீட்டு.

தைரியநாதன் கோர்ட்டில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிலவேந்திரன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஜெபப் புத்தகங்களைக் கோத்துக் கோத்தே லத்தீன் பிடிபட்டது அவருக்கு.

இருவருக்கும் ஒரு விதி. உதாரண வாக்கியம் தங்கள் வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். ஜோடித்து எழுதக்கூடாது. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது.

சாமி படித்தார்.

கம்பெனி. முதல் பொருள், வியாபார நிறுவனம்: ‘என் மகன் சோப்புக் கம்பெனியில் சேர்ந்தான்.’ இரண்டாவது, பட்டாளத்தில் ஒரு பிரிவு: ‘என் தாத்தா இரண்டாம் கம்பெனியில் சிப்பாய்.’ மூன்றாவது, வெள்ளைக்காரன் ஆட்சி, பழைய பேச்சில் கும்பினி: ‘கும்பினி காலத்துக் கிணறு என்று அப்பா காட்டினார்.’

நாலாவது, துணை. கூட இருப்பவன்.

அதற்கு எதிரே ஒரு வாக்கியம் தைரியநாதன் கையெழுத்தில் இருந்தது. ‘பிலவேந்திரன் எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகக் கம்பெனி.’

அதன்மேல் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, நேராக, அழுத்தி அடித்த கோடு.

“அடிச்சது அவரா?”

“அவன்தான். எட்டு மாசம் ஆச்சு. ‘நாலாவதுக்கு எனக்கு வாக்கியம் கிடைக்கலீங்க, நீங்க எழுதுங்க’ன்னான். எழுதினேன். பெருமையாத்தானே எழுதியிருக்கேன்? பாத்துட்டு, ‘பொய்யா இருக்குதுங்க ஐயா’ன்னான். அடிச்சான். போனான். அப்புறம் வரவே இல்லை.”

“கேட்டுப் பாக்கிறதுதானே?”

“போன மாசம் அவனுக்கு வாதம் வந்துட்டுது. பேசுறானாம். ஞாபகம்தான் வருது, போகுதாம். இந்த வெயில் காலத்தைத் தாண்ட மாட்டான்னு சொல்றாங்க.”

“போய்ப் பாத்தீரா?”

“ஆள் அனுப்பினேன். சாத்துக்குடி குடுத்தனுப்பினேன்.”

“இப்ப என்ன வேணும் உமக்கு?”

“அதுல எது பொய்னு தெரியணும் சாமி. அவன் கண்ணை மூடுறதுக்குள்ள அவன் கையெழுத்து வேணும். ரெண்டாயிரத்துச் சொச்சம் சீட்டு. ஒண்ணுல அவன் கையெழுத்து இல்லைன்னாலும் அது எங்க புத்தகம் இல்லை.”

மணி அடித்தது. மத்தியானம் ஒன்று. மடத்துச் சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

சாமி எழுந்தார்.

“நான் சாப்பிடணும். நீர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வாரும்.”

ஏப்ரல் மாதம். வீடு இரண்டு கிலோமீட்டர். தைரியநாதன் நடந்து போனார். நடந்து வந்தார்.

மூன்று மணிக்குச் சாமி சொன்னார்.

“லத்தீன்ல ‘கும்’னா கூட. ‘பானிஸ்’னா ரொட்டி.”

“அது தெரியும் சாமி. பம்பாயில பாவ்ங்கிறானே, அதுவும் அந்த பானிஸ்தான்.”

“தெரிஞ்சா சரி. ரெண்டையும் சேரும்.”

“ரொட்டியோட.”

“ரொட்டியோட இல்லை. ரொட்டியில கூட்டு. ஒரே ரொட்டியைப் பிச்சுத் தின்கிறவன். ஜெர்மன் சிப்பாய்ங்க தங்க பாஷையில முதல்ல அப்படிச் சொன்னதாச் சொல்றாங்க. பாதி ரொட்டி உனக்கு, பாதி எனக்கு, நாளைக்கு ரெண்டு பேரும் சாகலாம். லத்தீன்காரன் அதைக் கேட்டுத் தன் பாஷையில செஞ்சுக்கிட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஊர் ஊராப் போச்சு. இத்தாலிக்காரன் கொம்பாஞ்ஞோன்னான். ஸ்பெயின்காரன் கொம்பஞ்ஞேரோ. ஜெர்மன்காரன் கும்பான். பிரெஞ்சுல சிநேகிதனுக்குக் கொப்பேன். உமக்குத் தெரியாத பிரெஞ்சா?”

“கொப்பேன்ல ரொட்டி இருக்கு. நான் யோசிச்சதே இல்லை” என்றார் தைரியநாதன். குறித்துக்கொண்டார். “ஆனா எது பொய்னு சொல்லலையே சாமி.”

“நாளைக்கு வாரும்.”

மறுநாள் பத்து மணிக்கே வந்தார்.

“ரொட்டியைப் பிச்சுத் தின்னவன் எப்படி சாமி கும்பினி ஆனான்?”

“சேர்ந்து தின்னவங்க சேர்ந்து முதல் போட்டாங்க. சேர்ந்து கப்பல் விட்டாங்க. இங்க வந்து இறங்கும்போது ரொட்டியை மறந்துட்டாங்க. பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துது. நம்ம ஆளுக்கு அந்தப் பேருக்குள்ள சாப்பாடு இருக்குன்னு எப்படித் தெரியும்? வரி கேக்கிறவன், துப்பாக்கி வெச்சிருக்கிறவன், அவன் கும்பினி.”

“பாவம்” என்றார் தைரியநாதன்.

“யாரு?”

“அந்தச் சொல்லு.”

மணி அடித்தது.

“வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வாரும்.”

போனார். வரும்போது வழியில் ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மூன்றரைக்குத்தான் வந்தார். சாமி தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்கு வாரும்” என்றார்.

மூன்றாம் நாள். ஒரு மணி. சாமி எழுந்தார்.

“வீட்டுக்குப் போய்ச்—”

“சாமி!”

தைரியநாதன் கத்திவிட்டார். வராந்தாவில் போன சமையல்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

“எழுபத்தொரு வயசு எனக்கு. தலை சுத்துது. இந்த மடத்துல நாற்பது பேருக்கு உலை வைக்கிறீங்க. எனக்கு ஒரு கை சோறு கிடையாதா? மூலையில உக்காந்து தின்னுட்டுப் போறேன். மூணு நாளா நாய் மாதிரி வெயில்ல விரட்டுறீங்களே, நான் என்ன—”

நிறுத்திக்கொண்டார்.

“நீர் என்ன? சொல்லி முடியும்.”

தைரியநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எத்தனை நாள் நடந்தீர்?”

“ரெண்டு நாள். இன்னிக்கு மூணாவது.”

“பிலவேந்திரன் லீவு நாளெல்லாம் உம்ம வீட்டுக்கு வந்தாரு, வேலையை விட்ட பிறகு தினமும் வந்தாரு. மத்தியானம் எங்க சாப்பிட்டாரு?”

தைரியநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் வீட்டுல. ஒரு மணிக்குப் போவான். மூணு மணிக்கு வருவான்.”

“எவ்வளவு தூரம்?”

“ரெயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.”

“மழையில?”

“குடை வெச்சிருந்தான்.”

“உம்ம வீட்டுல ஒரு நாள்கூட இலை போடலை.”

“அது வீட்டு வழக்கம் சாமி. அவங்க தெரு வேற. அம்மா இருந்தவரைக்கும்—”

“அம்மா செத்து?”

“பத்தொன்பது வருஷம்.”

சாமி மறுபடி உட்கார்ந்துவிட்டார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால் இல்லை. களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

“ஞாயித்துக்கிழமை பூசையில ஒரே அப்பத்தை உங்க ரெண்டு பேரு நாக்குலயும் நான்தான் வெச்சேன். பதினோரு வருஷமா வெச்சேன். வாசலுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு நானும் கேக்கலை. இந்தக் கோட்டைப் பாத்த பிறகுதான் புரிஞ்சுது.”

“அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லையே சாமி. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு வார்த்தை.”

“ஸ்கேல் வெச்சுச் சொல்லியிருக்காரு.”

தைரியநாதன் சீட்டை எடுக்கவில்லை. கும்பிடவும் மறந்துவிட்டார். இறங்கி நடந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ரெயில்வே கேட் தாண்டியதும் ஒரு பெட்டிக்கடையில் விசாரிக்க வேண்டியிருந்தது. வீடு தெரியாது.

“அச்சாபீஸ் பிலவேந்திரனா? குழாயடிக்கு எதிர் வீடு. யாரு நீங்க?”

தைரியநாதன் அதற்கு நிற்காமல் குழாயடிக்கு நடந்தார்.

ஓட்டு வீடு. பிலவேந்திரன் மனைவி சலேத்மேரி வாசலுக்கு ஓடிவந்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

பிலவேந்திரன் கட்டிலில் கிடந்தார். இடது பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. வாய் கோணியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

“ஐயாவா?”

“நான்தான்டா.”

“வேலை எல்லாம் நடக்குதுங்களா?”

“அதை விடு. அதுக்கு வரலை.”

தைரியநாதன் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டார். முழங்கால் சடசடவென்றது.

“மேரி, சோறு போடும்மா. இங்கதான் சாப்பிடப் போறேன்.”

“ஐயோ, எங்க வீட்டுலங்களா?” அவள் புருஷனைப் பார்த்தாள். “கருவாட்டுக் குழம்புதாங்க இருக்குது. கடையிலருந்து எதாச்சும் வாங்கியாரச் சொல்லட்டுங்களா?”

“கருவாட்டுக் குழம்பு போதும். ஒரே தட்டுல ரெண்டு பேருக்கும் போடு. அவனுக்கு நான் ஊட்டுறேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் போட்டாள். பெரிய எவர்சில்வர் தட்டு, ஆவி பறக்கிற சோறு. அவர் முன்னால் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள்.

தைரியநாதன் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். கட்டில் பக்கம் நீட்டினார்.

“வாயைத் திறடா.”

பிலவேந்திரன் தட்டைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். கண்ணில் ஒரு பதற்றம் வந்தது. நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். உடம்பை இழுத்தார். வலது காலைக் கீழே போட்டுச் செருப்பைத் துழாவினார். இடது கால் வரவில்லை. அதையும் கையால் பிடித்து இழுத்தார்.

“என்னங்க, விழுந்துடப் போறீங்க!” சலேத்மேரி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“எங்கடா போறே?” என்றார் தைரியநாதன். கவளம் கையிலேயே இருந்தது.

“நீங்க சாப்பிடுங்க ஐயா” என்றார் பிலவேந்திரன். “நான் வீட்டுக்குப் போயிட்டு மூணு மணிக்கு வந்துடுறேன்.”