சிவப்புப் பொத்தான்

சடையப்பனுக்கு ஒரு குரு இருந்தார். அவரைவிட வயதில் இளைய பெண். ஐந்து எருமை வைத்துப் பால் ஊற்றுகிற தவமணிதான் அந்தக் குரு.

சடையப்பன் இப்போது உட்காரும் பால் சங்கச் செயலாளர் நாற்காலியில் அவருக்கு முன்பு இருந்தவர் தவமணி. பாலைக் கலக்கி மாதிரி எடுப்பதிலிருந்து, கோபத்தோடு வருகிறவரிடம் பேசுவது வரைக்கும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். ஊரில் கேலி பேசினார்கள். சடையப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிக்கல் என்று வந்தால் இன்றைக்கும் அவர் கால்கள் தவமணியின் மாட்டுக் கொட்டகைக்குத்தான் போகும்.

அன்றைக்கு வந்த சிக்கல் பெரியது.

சங்கத்துக்குப் புதிதாக ஒரு பரிசோதனை மெஷின் வந்திருந்தது. ஒரு கரண்டி பால் போதும். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடும். ஊற்றியவரின் செல்போனுக்குச் செய்தியும் போய்விடும். சடையப்பன் பெற்ற பிள்ளையைப் போல அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

ஆனால் மெஷின் வந்த நாளிலிருந்து ஊர்க்காரர்களில் பாதிப் பேர் கோயில் முனையில் நிற்கும் தனியார் வண்டிக்குப் பாலைக் கொண்டுபோனார்கள். பால் ஒன்றியத்து அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் பால் வராவிட்டால் சங்கத்தை மூடிவிட்டு, மெஷினையும் குளிரூட்டும் தொட்டியையும் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் வண்டிக்காரன் வைத்ததுதான் விலை. ஒற்றை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ரங்காயி போன்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

"ஏனுங்கம்மா, மெசினை ஜனங்க நம்ப மாட்டேங்கறாங்க. எப்படி நம்ப வைக்கறதுங்க?"

தவமணி எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னென்ன பண்ணுனீங்க?"

"பூசை போட்டேன். பேனர் கட்டுனேன். கம்பெனிக்காரரைக் கூட்டியாந்து பேச வச்சேன். பாதிப் பேர் தூங்கிட்டாங்க."

"முதல் நாள் என்ன நடந்துச்சு?"

சடையப்பன் தலையைச் சொறிந்தார். "முதல்ல மில்லுக்காரர் குழந்தைசாமி ஊத்துனாருங்க. தண்ணி கலந்திருக்குதுன்னு மெசினு கத்திருச்சு."

"அப்புறம்?"

"சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திட்டேன். புது மெசினு, இன்னும் பழகலைன்னு சொல்லிப் பழைய கணக்குலயே எழுதிட்டேன். சங்கக் கட்டடம் நிக்கறதே அவரு குடுத்த இடத்துலதானுங்களே. அது சின்ன விசயம், அதை விடுங்க."

தவமணி விட்டுவிட்டார். வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலைல முதல் பால் என்னுது. பாக்க எல்லாரையும் வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். சடையப்பனுக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. பாதி வழி வந்த பிறகுதான் மூளையில் விளக்கு எரிந்தது. தவமணி வீட்டுப் பால் என்றால் ஊரில் கைக்குழந்தைக்குக் கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்தப் பாலை மெஷின் மெச்சிச் சொன்னால் அப்புறம் யார் வாயைத் திறக்கப் போகிறார்கள்? குரு என்றால் குருதான்! சடையப்பன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தனியார் வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களையும் விடவில்லை.

மறுநாள் காலையில் சங்கத்து வாசல் திருவிழாவாக இருந்தது. வண்டிக்காரன்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். மில்லுக்காரர் தன் கேனோடு வரிசையில் நின்றார்.

தவமணி வந்து கேனை இறக்கினார். சடையப்பன் பாலைக் கலக்கி, மாதிரி எடுத்து வைத்தார். ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உறுப்பினர் தவமணி. தண்ணீர் கலந்துள்ளது. இந்தப் பாலை ஏற்க முடியாது."

யோசிக்கும் முன்னாலேயே சடையப்பனின் கை சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது.

விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவர் தவமணியைப் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல தவமணி சும்மா நின்றிருந்தார். இந்த வேலையில் தனக்குத் தெரிந்த அத்தனையும் இவர் போட்ட பிச்சை. இவரையா ஊர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துவது? ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். மெஷின் சூடாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வரிசையில் கேனோடு நின்ற மில்லுக்காரர் அவர் கண்ணில் பட்டார். மெள்ளக் கையை எடுத்தார்.

"தவமணியம்மா, உங்க பால்ல தண்ணி இருக்குதுங்க. எடுத்துக்க முடியாதுங்க. கொண்டு போயிருங்க."

"சரிங்க," என்று தவமணி கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் தெரு முனை தாண்டினார். பிறகு ரங்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. தவமணிக்கே இல்லாத சலுகை இங்க இனி ஒருத்தருக்கும் இல்ல. எம் பாலை ஊத்துங்க."

மெஷின் அவள் பாலை நல்ல பால் என்றது. ஊரே கேட்கச் சொன்னது. ரங்காயி செல்போனில் வந்த செய்தியைப் பக்கத்தில் நின்ற எல்லோரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் தூக்குப் போசிகளும் கேன்களுமாக வரிசை நெளிந்து நின்றது. மில்லுக்காரர் மட்டும் தன் கேனை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓசைப்படாமல் வீட்டுக்குத் திரும்பினார். மறுநாள் வந்தார். மெஷின் அவர் பாலில் ஒரு குறையும் சொல்லவில்லை. "தீவனத்தை மாத்துனேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். வரிசையே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

மாதம் முடிவதற்குள் தனியார் வண்டி அந்த ஊருக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. சங்கத்தை மூட வந்த அதிகாரி, தளும்பி நின்ற தொட்டியைப் பார்த்துவிட்டு இன்னொரு தொட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டுப் போனார். சடையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு பொட்டலம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

"அன்னைக்கு அந்தத் தண்ணி எங்கிருந்துங்கம்மா வந்துச்சு?"

"குடத்துல இருந்துதான்."

சடையப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருந்தா உங்க மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும்."

"நான் அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தா?"

"சங்கம் போயிருக்கும். எம் பேரும் போயிருக்கும். மெசினு மட்டும் பத்திரமா இருந்திருக்கும்."

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படியோ, ஜனங்க மெசினை நம்பிட்டாங்கம்மா."

தவமணி ஒரு மைசூர்பாகை எடுத்துக் கடித்தார்.

"மெசினை யாரு பாத்தாங்க? அன்னைக்கு அத்தன பேரும் உங்க கையைத்தான பாத்துட்டு நின்னாங்க."