போதும் என்று சொல்லாத இலை

எங்கள் மடத்துப் பந்திக்கு ஒரே ஒரு சட்டம்தான். சாப்பிடுகிறவர் வாய் திறந்து "போதும்" என்று சொல்லும்வரை பரிமாறுகிறவன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொன்ன பிறகு ஒரு பருக்கை விழக் கூடாது. இலையில் மிச்சம் வைப்பதும் கூடாது. சட்டம் போட்டவர் மடத்தை நடத்தும் வடிவம்மை. நாங்கள் எல்லோரும் அம்மா என்போம். அவருக்கு நாற்பது வயசுதான் இருக்கும், சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். நான் இங்கே ஒன்பது வருஷமாகச் சாம்பார் வாளி தூக்குகிறேன்.

அப்படி வயசில் மூத்த சீடர்களில் ஒருவர் சங்கரபாண்டி மேஸ்திரி. அரிசி ஆலையில் நாற்பது பேரை மேய்க்கிறவர். அவர் கையால் அடி வாங்காத லோடுமேன் அங்கே கிடையாது. வீட்டிலும் அதே கதைதான் என்று தெருவுக்கே தெரியும். யாரும் போய்க் கேட்டதில்லை, நானும்தான் கேட்கவில்லை. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மடத்துக்கு வர ஆரம்பித்த இந்த ஒரு வருஷத்தில் அவர் யார் மேலும் கை வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"மக கோயம்புத்தூருக்குப் போறாம்மா. ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. நாளைக்கு ரயில்."

"நல்ல சேதிதானே அண்ணாச்சி."

"அவ அம்மையையும் கூட்டிட்டுப் போறா. இனிமே திரும்பி வரமாட்டோம்னு சொல்லுதா." மேஸ்திரி கையை விரித்துக் காட்டினார். "ஒரு வருஷமா இந்தக் கை யார் மேலயும் படலை. இன்னும் நான் என்ன செய்யணும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாங்கம்மா."

அம்மா அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு பேரையும் மத்தியானம் சாப்பிட வரச் சொல்லுங்க. இன்னைக்குப் பந்தியில சோறு நீங்க போடுங்க."

வந்தார்கள். மேஸ்திரியின் பெண்டாட்டி உலகம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் தங்கமாரி. அதற்கடுத்த இலையில் ஆலை லோடுமேன் செல்லையா. அவன் வாராவாரம் சாப்பிட வருகிறவன்.

மேஸ்திரி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். முதலில் இருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு கரண்டியிலேயே போதும் என்றார்கள். உலகம்மாளுக்கு இரண்டு போட்டார், மூன்று, நான்கு, ஐந்து. அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பந்தி திரும்பிப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி நகர்ந்தார். மகளுக்கும் அப்படியே. மலை மாதிரி மூட்டை தூக்குகிற செல்லையாவும் தலையைக் குனிந்துகொண்டான்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுக்களை வாசலில் நின்ற அம்மாவிடம் வந்தார்.

"பாத்தீங்களா அம்மா? என் கையால போட்டா எப்படிச் சாப்பிடுதாங்க!"

அம்மா என்னைப் பார்த்தார். "அந்த மூணு இலைக்கும் சாம்பார் எவ்வளவு ஊத்தினீங்க?"

"எங்க ஊத்த? அரைக் கரண்டிக்கே மூணு பேரும் போதும்னுட்டாங்க" என்றேன்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. "பிறகு எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?"

"இதுக்கு முன்னால உங்க கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்காங்களா?"

"சொல்லாம என்ன? வீட்டுல அடிக்கும்போதெல்லாம் அவ அதைத்தான் சொல்லுவா. போதுங்க, போதுங்கன்னு…"

"நீங்க?"

அவர் கரண்டியையே பார்த்தார். "போதுமா இல்லையான்னு நான் சொல்லணும்டின்னு சொல்லிட்டு…"

"அந்தச் செல்லையா?"

"அவனும் ஒரு நாள் சொன்னான்."

அம்மா "ரசத்துக்குச் சோறு கொண்டு போங்க" என்றார்.

இரண்டாம் முறை அவர் போன நடையே வேறு. உலகம்மாள் அதற்குள் பாதிச் சோற்றைத்தான் உள்ளே தள்ளியிருந்தாள். மூச்சு வாங்கியது. மிச்சம் வைக்கக் கூடாது என்ற சட்டத்துக்காகத் தின்கிறாளா, அவருக்குப் பயந்து தின்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது. மேஸ்திரி இலைக்கு முன்னால் நின்றார். அவள் சொல்ல வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் சொல்லவில்லை. சட்டப்படி அவர் கரண்டியை நீட்டினார்.

தங்கமாரி அம்மையின் இலைமேல் தன் கையைக் குறுக்கே வைத்தாள். தலையை நிமிர்த்தி அப்பன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

மேஸ்திரி ஆவி பறக்கிற சோற்றோடு அப்படியே நின்றார். பிறகு கரண்டியை மெல்லப் பாத்திரத்துக்குள் திருப்பினார். ஒரு பருக்கை கூட விழவில்லை.

அடுத்த இலையிலிருந்து செல்லையாவும் சொன்னான். "எனக்கும் போதும், மேஸ்திரி."

சாப்பிட்டு முடித்து, தாயும் மகளும் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார்கள். தங்கமாரி அம்மையின் செருப்பை எடுத்துப் போட்டாள். மேஸ்திரி கையில் பாத்திரத்தோடு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, அவ சொன்ன உடனே நிறுத்திட்டேன். நீங்களே பாத்தீங்க. இப்பவாவது இருக்கச் சொல்லுங்கம்மா."

அம்மா வாசலைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை போதும்னு சொல்லிட்டா, அண்ணாச்சி. இன்னும் ஒரு கரண்டி போடணும்ங்கீங்களா?"