பால்பாண்டியின் முகப்புப் பக்கம்

சிறுமலை அடிவாரத்தில் மங்கையர்க்கரசி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் சொல்வார்.

அவருடைய சீடர் திருவேங்கடத்துக்கு அறுபத்தொன்று. வங்கியில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா பேசுவதையெல்லாம் படம் பிடித்து, அதற்கென்றே ஒரு வீடியோ தளம் கட்டியிருந்தார். ஆயிரத்து நூறு வீடியோக்கள் அதில் இருந்தன. ஒருவர் எதைப் பார்க்கிறாரோ, அதைப் போன்றவையே அடுத்த முறை அவருடைய முகப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படிச் செய்துவைத்ததில் திருவேங்கடத்துக்குப் பெருமை.

ஆனால் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. புதியது முதலில் வேண்டும் என்றார் ஒருவர். பழையது முதலில் வேண்டும் என்றார் இன்னொருவர். எந்த வரிசை என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம், ஒரு பொத்தான் கொடுங்கள் என்றார்கள் பலர்.

திருவேங்கடம் எரிச்சலோடு அம்மாவிடம் போனார்.

"அம்மா, இவங்களுக்கு நல்லதைத் தேடி எடுத்துக் கையில கொடுக்கிறேன். அப்பவும் தாங்களே பொறுக்கிக்கணுமாம். கொடுக்கலாமா?"

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மறுநாளும் திருவேங்கடம் கேட்டார். அதே பதில். அதற்கு மறுநாளும் கேட்டார்.

"திருவேங்கடம், ஒரே கேள்வியை எத்தனை நாள் கேப்பீங்க?" என்றார் அம்மா.

அப்போது வாசலில் ஒரு சத்தம்.

"யாருங்க இங்க வீடியோ போடுறது?"

காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றார். பெயர் பால்பாண்டி. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் ஓட்டுகிறவர். பணி முடிந்து நேராக வந்திருந்தார்.

"நான்தான்" என்றார் திருவேங்கடம்.

பால்பாண்டி செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "படிங்க சார். சத்தமாப் படிங்க."

திருவேங்கடம் படித்தார். "மரணத்துக்குப் பின். துணையை இழந்தவருக்கு. கடைசி நாட்கள். பிரிவு, பாகம் ஒன்பது."

"என் வீட்டுக்காரி செல்வராணி போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. காரியத்தன்னிக்கு என் கொழுந்தியா இதுல ஒண்ணை அனுப்பிச்சா. பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு. அழுதேன். அந்த வாரமே இன்னும் மூணு பார்த்தேன். அதுலருந்து பிடிச்சது சார். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், இதையும் திறக்கிறேன். யாராவது செத்துக் கிடக்கிறாங்க. தினமும்!"

"நீங்க பார்த்ததைத்தான் அது..."

"இந்தம்மா மாமியார் மருமகள் பத்தியெல்லாம் பேசியிருக்காங்க. எனக்குத் தெரியும். செல்வராணி அடுப்படியில போட்டுக் கேட்டுச் சிரிப்பா. அதெல்லாம் எங்க?"

"தேடலாமே. மேலே பெட்டி இருக்கே."

"தேடினேன். சிரிப்புன்னு அடிச்சேன். 'சிரிப்பை மறந்தவர்களுக்கு'ன்னு வருது."

அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"உங்க மனநிலையைப் புரிஞ்சுதான் தளம் அப்படிக் காட்டுது" என்றார் திருவேங்கடம்.

"சார், நான் பஸ் ஓட்டுறவன். ஒருத்தர் ஒரு நாள் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கினார்ங்கிறதுக்காக, தினமும் அவரை அங்கேயே இறக்கிவிட முடியுமா?"

திருவேங்கடத்துக்கு முகம் சிவந்தது. அம்மா கை காட்ட, பால்பாண்டி உட்கார்ந்தார். துக்கத்தைப் பற்றி அம்மா பேசப்போகிறார் என்று நினைத்துத் திருவேங்கடம் கேமராவை எடுத்துவந்தார்.

"எதைப் பத்திப் பேசலாம்?" என்று அம்மா கேட்டார்.

பால்பாண்டி விழித்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அம்மா, இழப்பைப் பத்தி..." என்று ஆரம்பித்தார் திருவேங்கடம்.

"உங்களைக் கேக்கல" என்றார் அம்மா.

கடைசியில் பால்பாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கத்திரிச் செடி பத்திக் கேக்கலாமாம்மா? வீட்டுக்குப் பின்னால அவ வெச்சது. பூக்குது. ஆனா பூவெல்லாம் உதிர்ந்துபோகுது."

"தண்ணி எவ்வளவு விடுறீங்க?"

"காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்."

"அடப் பாவமே. இது என்ன நெல்லா? மண்ணு காஞ்சா மட்டும் விடுங்க."

அவர்கள் எருவைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளைப் பூச்சியைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மணி நேரம் போனது. நடுவில் அம்மா, "காய் வந்தா எப்படிச் சமைப்பீங்க?" என்று கேட்டார்.

"நான் கத்திரிக்காயே சாப்பிட மாட்டேன்மா. நாக்கு அரிக்கும். அதனாலயே வாரத்துல மூணு நாள் வைப்பா" என்று சொல்லிவிட்டு பால்பாண்டி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

திருவேங்கடம் கேமராவை மூடினார். மூடிய வேகத்தில் அது சத்தம் போட்டது.

"பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அவர்கிட்ட ஒரு மணி நேரம் கத்திரிக்காயா?"

"அவர் அதைத்தானே கேட்டார்."

"பொத்தானைக் கொடுத்தா எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. நீங்க மரணத்தைப் பத்திப் பேசினது நாற்பது மணி நேரம் இருக்கு. யாரும் தொடாமக் கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"தனக்கு என்ன வேணும்னு அந்த ஆளுக்கே தெரியாதும்மா!"

"தெரியாதுதான்" என்றார் அம்மா. "அதனாலதான் கேட்டேன்."

மறுநாள் காலை திருவேங்கடம் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். மூன்று நாளில் வேலை முடிந்தது. புதியது முதலில், பழையது முதலில், தலைப்பு வாரியாக, கலைத்துப்போட்டு என்று முகப்புப் பக்கத்தின் தலையில் நான்கு பொத்தான்கள் வந்தன.

ஒரு வாரம் கழித்து பால்பாண்டி போன் செய்தார்.

"சார், பழையதுலருந்து வரிசையாப் பார்க்கிறேன். ஒரு மாமியார் மிளகாய்ப்பொடியை ஒளிச்சுவெச்ச கதை வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல தனியாச் சிரிச்சேன். கண்டக்டர் ஒரு மாதிரியாப் பார்த்தான்."

"சந்தோஷம்" என்றார் திருவேங்கடம்.

"நேத்து அந்தப் பிரிவு பத்தினது இருக்கே, பாகம் ஒன்பது. அதையும் முழுசாப் பார்த்தேன். நானாப் போட்டுப் பார்த்தேன் சார்."

திருவேங்கடம் போனை வைத்தார். பிறகு அம்மாவைத் தேடிப் போய் அதை அப்படியே சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திருவேங்கடம் போகவில்லை. அங்கேயே நின்றார்.

"இன்னும் என்ன?"

"ஒரே ஒரு சந்தேகம்மா. சில பேர் நாலு பொத்தானையும் தொட மாட்டாங்க. அவங்க திறந்ததும் முதல்ல எது வந்து நிக்கணும்? அதை மட்டும் நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிடுங்க."

அம்மா கண்ணை மூடினார். திறந்தபோதும் திருவேங்கடம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"திருவேங்கடம்" என்றார் அம்மா, "இவ்வளவுக்குப் பிறகும் அதை என்கிட்டயா கேக்கறீங்க?"