மூன்றாம் பாகத்துக்கு விபூதி

குருமார்களுக்கு எரிச்சல் வராது என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. இது முற்றிலும் பிழை. பழைய நூல்களில் குரு புன்னகைக்கிறார், மௌனம் காக்கிறார், கருணையோடு நோக்குகிறார் என்றுதானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அந்த நூல்களை எழுதியவர்கள் சீடர்கள்.

சிறுமலை அடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம் நடத்திவந்த விமலை அம்மையாருக்கு எரிச்சல் வரும். வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்துபோய் வாழைத்தோப்பில் களை பிடுங்குவார். அந்தத் தோப்பில் மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது. அதற்குப் பெரும்பாலும் தமயந்திதான் காரணம்.

தமயந்தி திண்டுக்கல்லில் பல் மருத்துவர். அம்மையாருக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கூர்மையான புத்தி, சொன்னதை மறக்க மாட்டாள். அவளிடம் இருந்த ஒரே குறை ‘உப்புக் கோபுரம்’.

அது ஏதோ வெளிநாட்டு மாயக்கதை. ஆறு பாகம். புத்தகமாக வந்து, பின்னாலேயே படமாகவும் வந்தது. தாரின் என்ற பையன் பதினோரு வயதில் உப்பால் கட்டிய கோபுரத்துக்குள் நுழைகிறான். பாகத்துக்கு ஒரு வயது கூடுகிறது. முதல் பாகம் வந்தபோது தமயந்திக்கும் பதினொன்று. அடுத்தடுத்த பாகங்கள் ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. அவளும் தாரினும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். கோபுரத்துக்குள் போகிறவர்கள் இடது கால் செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும் என்பது கதையில் ஒரு விதி. படம் பார்க்கப் போன தமயந்தியும் தோழிகளும் மதுரைத் தியேட்டர் வாசலில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறித் திரும்பினார்கள். இதை அம்மையார் பலமுறை கேட்டிருக்கிறார்.

மாயை பற்றிப் பாடம் நடந்தால், “நாலாம் பாகத்துல வர்ற கண்ணாடி ஏரி மாதிரிதானேம்மா?” என்பாள். பற்றை விடுவது பற்றிப் பேசினால் நாரை வந்துவிடும். தாரினுக்குப் பேசும் நாரை ஒன்று உண்டு. ஐந்தாம் பாகத்தில் இறந்துவிடும். அம்மையார் அந்தப் புத்தகங்களைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் நாரைக்கு எந்தச் சிறகில் அடிபட்டது என்று அவருக்குத் தெரியும்.

அன்று தமயந்தி பாட நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் மல்லிகை. நடுவே தடியாக ஒரு புத்தகம்.

“இது என்ன?” என்றார் அம்மையார்.

“மூணாம் பாகம்மா. உங்க கையால விபூதி போட்டுக் குடுக்கணும்.”

“நாரைக் கதைக்கு விபூதியா?”

“இதுல நாரை சாகாதும்மா. அது அஞ்சாம் பாகம்.”

அம்மையார் ஜன்னல் வழியே தோப்பைப் பார்த்தார். பிடுங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“சரி, உட்காரு. யாருக்கு இது?”

“வெயினிக்கு.”

இளவெயினி அவளுடைய ஒரே மகள். அவளுக்குப் பதினொன்று ஆனபோது தமயந்தி முதல் பாகத்தைக் கொடுத்தாள். அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டாவது. தாரினின் வயதில்தான் அந்தந்தப் பாகத்தைப் படிக்க வேண்டும் என்பது தமயந்தி போட்ட சட்டம். இரவில் இருவரும் ஒரே கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிப்பார்கள். மீதிப் பாகங்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தன.

“போன மாசம் தோழி வீட்டுல படம் அத்தனையும் பார்த்துட்டு வந்துட்டாம்மா. ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடவிட்டு! வந்து சொல்றா, ‘நாரை செத்துருச்சும்மா, நல்லாத்தான் எடுத்திருக்காங்க’ன்னு. நல்லாத்தான் எடுத்திருக்காங்களாம்! அந்த நாரைக்காக நான் சாப்பிடாமக் கிடந்தவ. சொந்தத்துல யாரோ தவறிட்டாங்கன்னு நினைச்சு எங்கப்பா ஊருக்கெல்லாம் போன் போட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

தமயந்தி வெற்றிலையை நேராக வைத்தாள்.

“உனக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதான்னு கேட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா சாப்பிடுறா. கேட்டாத் தலையாட்டுறா. கூடத்துல தனியாப் படுத்துக்கறா. நானே பீரோவைத் திறந்து இதை எடுத்து நீட்டினேன். கதைதான் தெரியுமேங்கற மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துட்டா.” அவள் குரல் இறங்கியது. “எனக்கு அந்தக் கொசுவலை திரும்ப வேணும்மா. நான் படிச்ச மாதிரி அவளைப் படிக்கவைக்க என்ன செய்யணும்?”

அம்மையார் விபூதித் தட்டை எடுத்தார். ஒரு விரல் தொட்டு, தமயந்தியின் நெற்றியில் அழுத்தி இட்டார்.

“எனக்கு இல்லம்மா. புத்தகத்துக்கு.”

“எங்கே வலியோ அங்கேதான் போடணும். பல் டாக்டருக்கு நான் சொல்லணுமா? நீ எப்படிப் படிச்சே, அதைச் சொல்லு.”

“காத்திருந்து படிச்சேன். அடுத்த பாகத்துக்கு ஒரு முழு வருஷம். அந்தப் பொறுமை…”

“அடுத்த பாகம் அப்போ எங்கே இருந்துச்சு?”

“எங்கேயும் இல்ல. அவங்க எழுதி முடிக்கலையே.”

“எழுதி முடிச்சு, உங்கப்பா அதை வாங்கி பீரோவுல பூட்டி வெச்சிருந்தா?”

தமயந்தி யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. அதனால் பதில் வர நேரமாயிற்று.

“பூட்டை உடைச்சிருப்பேன்.”

“உன் பொண்ணு பூட்டைத் தொடல. மரியாதையாப் படம் பார்த்துட்டு வந்திருக்கா.”

“அதுக்கில்லம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுக்கும் காத்திருக்கத் தெரியல. அதான் என் கவலை.”

“எதுக்குமே?”

“எதுக்குமே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

தமயந்தி அலுத்துக்கொண்டாள். “ஏதோ ஒரு கொரியாப் படக்கதை, போன்ல வரும். வாரத்துக்கு ஒரு துண்டு. ஒரு பையன் கடல்ல திமிங்கிலம் மேய்க்கிறானாம். திமிங்கிலத்தை யாராவது மேய்ப்பாங்களா?”

“நாரை பேசுமா?”

“அது வேறம்மா!”

“சரி, வேற. மேலே சொல்லு.”

“சொல்ல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். அஞ்சரைக்கே போனைக் கையில வெச்சுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்துடுவா. ஷூவைக்கூடக் கழட்ட மாட்டா. போன வாரம் வரையறவருக்கு உடம்பு சரியில்லைன்னு வரல. அதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, ராத்திரி சோத்தைக்கூடத் தொடாம…”

தமயந்தி அங்கே நிறுத்திவிட்டாள்.

தோப்பில் ஒரு வாழை இலை காற்றில் கிழிந்தது. அம்மையார் தாம்பாளத்திலிருந்த பாக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்தத் திமிங்கிலத்துக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கேட்டதே இல்லையே.”

“இன்னைக்கு என்ன கிழமை, தமயந்தி?”

தமயந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் எழுந்தாள். வழக்கமாக விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவள் அன்று அதையும் மறந்து படியிறங்கினாள். தாம்பாளம் அங்கேயே இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து மடத்தில் வெள்ளிக்கிழமைப் பாடம் சனிக்கிழமைக்கு மாறியது. காரணம் கேட்ட மற்றச் சீடர்களிடம், திமிங்கிலங்கள் என்றார் அம்மையார்.