போன்ல பேசிக்கலாம்

ஓசியில் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் இணைய விற்பனைத் தளங்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க, கோவை பம்ப்செட் மொத்த வியாபாரி சென்னியப்பன் கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவரைப் பிடித்து வந்தார். அவர் காட்டிய தளத்தில் மோட்டார் படங்கள் தட்டாமாலை சுற்றின.

"ஆளுக்கொரு விலை பேசற டீலர்களுக்கு இது ஆகாதுங்க," என்றாள் ஆர்டர் எடுக்கும் வசந்தாமணி.

"அதை அவர் வாயால சொல்ல வெய்யி, பாக்கலாம்," என்றார் முதலாளி.

வசந்தாமணி ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "நான் தாராபுரம் டீலர்னு வெச்சுக்கோங்க. எனக்குப் பேசின விலை இதுல எங்கீங்க?"

"அதைப் போன்ல பேசிக்கலாம்."

"பாதி சரக்கை என்னோட பழனிக் கடைக்கு அனுப்போணுமே?"

"அதையும் போன்ல சொல்லிட்டாப் போதும்."

"ஆர்டரை மாத்தோணும்னா?"

"ஒரு போன் அடிச்சா..."

வசந்தாமணி மேசைமேலிருந்த பழைய போனை முதலாளி பக்கம் நகர்த்தினாள்.

"இந்தத் தளம் நம்மகிட்ட முன்னாடியே இருக்குதுங்க."